சான்றில் பிள்ளையின் பெயர், பாடு தாயினுடையது: ஒரு பராமரிப்பு உதவித்தொகைக் கோப்பின் ஆய்வு

மூன்று வயதுப் பையன். கழுத்து இன்னும் நிற்கவில்லை, கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கின்றன. கையில் இருக்கும் மருத்துவச் சான்றில் 'இயக்கக் குறைபாடு, 70 சதவீதம்' என்று எழுதியிருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. "75 இருந்தாத்தாம்மா கடும் பாதிப்புல வரும், இதுல 70தான இருக்கு" என்பது கொடுக்கப்பட்ட பதில். பதிலில் பிழை இல்லை. பிழை சான்றில் இருந்தது. அது தெரிய மூன்று ஆண்டு ஆனது.

இந்த ஆய்வில் வரும் குடும்பம் எந்த ஒரு தனி வீடும் அல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளில் திரும்பத் திரும்ப நடப்பவற்றைச் சேர்த்து அமைத்த மாதிரிக் குடும்பம் இது. விதிகளும் அரசுத் தொகைகளும் உண்மையானவை. வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரிக்காகப் போட்டது.

குடும்பத்தில் ஐந்து பேர். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். அம்மாவுக்கு 33 வயது, பையன் பிறக்கும்வரை வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவர். 12 வயதில் ஒரு பெண், இப்போது 9 வயதாகும் இந்தப் பையன், அப்பாவைப் பெற்ற பாட்டி. பையன் எட்டாம் மாதத்தில் குறைப்பிரசவமாகப் பிறந்தவன். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம்.

ஒரு நாள் எப்படிப் போகிறது

உதவித்தொகையின் அளவைப் பேசுவதற்கு முன்னால் அது எந்த வேலைக்கு ஈடு என்பதைப் பார்த்துவிட வேண்டும். கோப்பில் எங்கேயும் வராத பகுதி இதுதான்.

பையனுக்கு மென்று விழுங்குவது கடினம். குழைத்த சோற்றைச் சிறு கரண்டியில் கொடுத்து, அவன் விழுங்கினானா என்று தொண்டையைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அடுத்த கரண்டி. படுக்கவைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மாதம் ஒருமுறை சளி, காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போகும் பிள்ளைகள் பலருக்குக் காரணம் இதுதான். அதனால் முதுகை நிமிர்த்தி, முகவாய் சற்றே கீழே பார்க்க உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். ஒரு வேளைக்கு 40 நிமிடம், மூன்று வேளைக்கு 2 மணி நேரம். இடையில் தண்ணீர், பால், கஞ்சி கொடுக்க இன்னொரு 40 நிமிடம். மலம், சிறுநீர் சுத்தம் செய்து துணி மாற்ற ஒன்றரை மணி. குளிப்பாட்டி உடுத்த 1 மணி. காலையும் மாலையும் அரை அரை மணி நேரம் கால் தசைகளை நீட்டிவிடும் பயிற்சி. கையால் செய்யும் வேலை மட்டும் 6 மணி 10 நிமிடம். இரவில் இருமுறை எழுந்து புரட்டிப் படுக்கவைப்பதும், வலிப்பு வருமோ என்று எப்போதும் காது கொடுத்துக்கொண்டிருப்பதும் இந்தக் கணக்கில் இல்லை.

பையனின் எடை 19 கிலோ. பாயிலிருந்து சக்கர நாற்காலி, அங்கிருந்து குளியலறை, திரும்பப் பாய் என்று நாளைக்கு 12 முறை தூக்கினால் 228 கிலோ. குனிந்து, முதுகை வளைத்து, உடம்பை விட்டுக் கையை நீட்டித் தூக்கினால் இடுப்பு சீக்கிரம் போய்விடும். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, கால் பலத்தில் எழ வேண்டும். பிள்ளைக்குப் பிசியோதெரபி சொல்லித்தருகிறவர்கள் தாய்க்கு இதையும் முதல் நாளே சொல்லித்தர வேண்டும். பையன் 15 வயதில் 35 கிலோ இருப்பான், அப்போது அம்மாவுக்கு 39 வயது.

எழுபது எப்படி எண்பத்தேழு ஆனது

தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வழியாக வருகிறது. 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய், அதற்கு முன்பு 1,500. கைகால் இயக்கத்தில் கடும் பாதிப்பு என்ற பிரிவில் கேட்டால் 75 சதவீதமாவது இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்ற பிரிவுகளில் 40 சதவீதமே போதும். எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத் தகுதி மாறுகிறது.

இந்தப் பையனை முதல் முகாமில் எலும்பு மருத்துவர் மட்டும் பார்த்தார். கைகாலின் இறுக்கம், மூட்டு அசைவு ஆகியவற்றை அளந்து 70 போட்டார். அவர் பார்த்த அளவில் அது சரி. பிள்ளையின் அறிவு வளர்ச்சியை யாரும் அளக்கவில்லை, அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதும் வீட்டில் யாருக்கும் தெரியாது. போதாததற்கு, நோயின் பெயர் 'மூளை முடக்குவாதம்' என்று எழுதப்படாமல் பொதுவாக 'இயக்கக் குறைபாடு' என்று மட்டும் சான்றில் ஏறிவிட்டது. அந்த ஒரு சொல் இல்லாமல் போனது பிறகு நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டிலும் குறுக்கே நின்றது.

ஆறாவது வயதில் மறுமதிப்பீடு நடந்தது. இம்முறை எலும்பு மருத்துவர், குழந்தை மருத்துவர், உளவியலாளர் மூவரும் பார்த்தார்கள். அறிவுசார் குறைபாட்டை அளக்க வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் பயன்படுகிறது. பிள்ளை தானாக என்னென்ன செய்கிறான், எதைப் புரிந்துகொள்கிறான் என்று தாயைக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அதிலிருந்து சமூக வயது கிடைக்கும். அதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது ஈவு. பையனின் உண்மை வயது 72 மாதம், சமூக வயது 28 மாதம், ஈவு 39.

மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டியில் இந்த ஈவு சதவீதமாக மாறும் விதம் இது: 55 முதல் 69 வரை இருந்தால் இலேசான பாதிப்பு, 50 சதவீதம். 36 முதல் 54 வரை நடுத்தரம், 75 சதவீதம். 21 முதல் 35 வரை கடுமை, 90. 20-உம் அதற்குக் கீழும் 100. பையனுக்கு 75 கிடைத்தது.

இப்போது இரண்டு குறைபாடு. இரண்டையும் அப்படியே கூட்டுவதில்லை. பெரிய எண்ணை எடுத்து, 90-இலிருந்து அதைக் கழித்து, வருவதைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். 90-இல் 75 போனால் 15. 15 பெருக்கல் 70 என்றால் 1,050. 90-ஆல் வகுத்தால் 11.67. 75-உடன் சேர்த்தால் 86.67, அதாவது 87 சதவீதம். பிள்ளை அதே பிள்ளைதான். அவனுடைய இன்னொரு பகுதியையும் பார்த்ததால் எண் மாறியது.

இந்த மதிப்பீட்டில் தாய்மார்கள் அடிக்கடி செய்யும் ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். "தானாகச் சாப்பிடுவானா?" என்று கேட்டால், பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் "சாப்பிடுவான்" என்று சொல்லிவிடுவார்கள். நடப்பது என்ன? கையில் பிஸ்கட்டைத் திணித்தால் வாய்க்குக் கொண்டுபோவான், பாதி கீழே விழும். அதை அப்படியே சொல்ல வேண்டும். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். முதல் நாள் இரவே ஒரு தாளில், காலை எழுந்தது முதல் தூங்கும்வரை எதெதற்குக் கை தேவைப்படுகிறது என்று எழுதிக்கொண்டு போனால் பதற்றத்தில் மறக்காது.

காலக்கெடு இன்னொரு சிக்கல். அறிவுசார் குறைபாட்டுக்கு ஒரு வயது நிறைந்த பிறகே சான்று கொடுக்கிறார்கள். ஐந்து வயதுக்கு முன் கொடுப்பது 'வளர்ச்சித் தாமதம்' என்ற தற்காலிகச் சான்று. பிறகு 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும், 18-இல் கொடுப்பதுதான் வாழ்நாளுக்கும் செல்லும். பத்து வயதுப் புதுப்பிப்பைத் தவறவிட்டு, உதவித்தொகை நின்ற பிறகே அலுவலகத்துக்கு ஓடிவரும் குடும்பங்கள் ஏராளம். சான்றின் கடைசித் தேதிக்கு நான்கு மாதம் முன்பே மாற்றுத்திறனாளி அட்டைக்கான சுவாவ்லம்பன் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பம் போட்டுவிடுவது நல்லது. இப்போது வரும் தனித்துவ அடையாள அட்டைக்கு 2024 அக்டோபர் விதித்திருத்தத்தால் நிறங்களும் வந்துவிட்டன: 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குக் கீழ்வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்.

பணம் வரும் வழியில் உள்ள பள்ளங்கள்

விண்ணப்பத்துக்கு வேண்டியவை: அடையாள அட்டை, மருத்துவச் சான்று, பிள்ளையின் ஆதார், பெற்றோரின் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், நிழற்படம். கேட்பதற்கு எளிதுதான். ஆனால் ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், சான்றில் இனிஷியல் மட்டும், குடும்ப அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். முதல் வேலையாக ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்திவிட வேண்டும். ஒரே பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதியிருந்தாலே ஆறு மாத அலைச்சல் மிச்சம்.

ஆதார் எடுப்பதே பெரும்பாடு. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்க வேண்டும். இந்தப் பையனின் விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகி மடங்கியிருக்கின்றன. பலவந்தமாக இழுத்தால் இன்னும் இறுகும். மணிக்கட்டை மெல்ல உள்பக்கமாக மடக்கினால் விரல்கள் கொஞ்சம் தளரும், அந்த நேரத்தில் ஒவ்வொரு விரலாக வைக்கலாம். கருவிழிக்கு அம்மா பின்னால் உட்கார்ந்து தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடிக்க, அக்கா கருவிக்குப் பின்னால் நின்று செல்போனில் பாட்டுப் போட்டால் ஒரு கணம் பார்வை நிற்கும். எதுவுமே பதியாவிட்டால் 'முடியாது, போய்ட்டு வாங்க' என்று திருப்பி அனுப்பத் தேவையில்லை. கைரேகை, கருவிழி பதிய முடியாதவர்களுக்கு விதிவிலக்குப் பதிவு செய்ய ஆதார் ஆணையத்தின் நடைமுறையிலேயே இடம் உண்டு. அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஆதார் வழியாகப் பணம் வரும் திட்டங்களில், ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். பள்ளி உதவித்தொகைக்காக வேறு வங்கியில் புதுக் கணக்கு திறந்து அதில் ஆதாரை இணைத்தால், அடுத்த மாதப் பணம் அங்கே போய் உட்கார்ந்துவிடும். வீட்டில் பணம் நின்றுபோச்சு என்று நினைப்பார்கள். எங்கே போனது என்று அறிய, எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை பயனாளி உயிரோடு இருப்பதற்கான வாழ்நாள் சான்றும் கொடுக்க வேண்டும். வேலை தேடித் திருப்பூருக்கோ சென்னைக்கோ குடிபோகும் குடும்பங்கள் பழைய மாவட்ட அலுவலகத்தில் சொல்லாமல் போனால் இந்தச் சான்று தவறும், பணம் நிற்கும். வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும் இந்தப் பராமரிப்புத் தொகையும் வேறு வேறு. இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. தெரியாமல் இரண்டுக்கும் போட்டால் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வது பயனாளிதான்.

எந்த விண்ணப்பத்துக்கும் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகரக் கூடாது. சீட்டு இருந்தால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கேட்கலாம். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். உரிமை மறுக்கப்பட்டால் விசாரிக்க 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது.

தாயின் பெயர் எங்கே வருகிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்து 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2ஆம் பிரிவிலேயே 'பராமரிப்பாளர்' யார் என்று சொல்லிவிட்டார்கள்: ஊதியத்தோடோ ஊதியம் இல்லாமலோ மாற்றுத்திறனாளியைக் கவனிக்கிற எவரும், பெற்றோரும் குடும்பத்தினரும் உட்பட. 24ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி கொடுக்கும் திட்டங்களை அரசுகள் வகுக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதையும் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற வரம்போடுதான் சொல்கிறது. எவ்வளவு என்று சொல்லவில்லை, யார் கையில் என்றும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு திட்டம் வந்திருக்கிறது. பராமரிப்பு உதவித்தொகை பெறுபவர்களில், அன்றாடக் காரியங்களுக்கு முழுக்க இன்னொருவரை நம்பியிருப்பவர்களுக்கு, உதவியாளருக்காக மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகத் தருகிறார்கள். இதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. 2,000 வாங்கும் பல வீடுகளில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில் வீட்டுப் பராமரிப்பாளருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். தொகை சின்னது. ஆனால் அங்கே பயனாளி என்ற இடத்தில் பராமரிப்பாளர் நிற்கிறார்.

இந்தக் குடும்பத்துக்கு மூன்றாவதாக ஒரு தொகை உண்டு, பலர் தவறவிடுவது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000. வீட்டில் ஒருவர் அரசு ஓய்வூதியம் வாங்கினால் இது கிடைக்காது என்ற பேச்சைக் கேட்டு, பிள்ளைக்குப் பணம் வருகிற வீட்டில் அம்மா விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார். மாற்றுத்திறனாளி பராமரிப்புத் தொகை பெறும் குடும்பத்துக்கு அந்தத் தடை இல்லை என்று திட்டத்திலேயே விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் போன்ற மற்றத் தகுதிகள் இருந்தால் போதும்.

மூன்றும் சேர்ந்தால் 4,000. செலவுப் பக்கம் பார்ப்போம். டயப்பர் நாளைக்கு இரண்டு, ஒன்று 20 ரூபாய் என்றால் மாதம் 1,200. வலிப்பு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், அங்கே தீர்ந்துபோகும் மாதங்களை வைத்துச் சராசரியாக 350. மாதம் இருமுறை சிகிச்சைக்குப் போக நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் இறங்கும் இடத்திலிருந்து ஆட்டோ போய்வர 300, இரண்டு முறைக்கு 600. முட்டை, பால், கஞ்சி மாவு என்று 900. மொத்தம் 3,050. பிள்ளைக்கென்று வரும் 3,000 அப்படியே பிள்ளைக்குப் போய்விடுகிறது, போகவும் வேண்டும். தாயின் உழைப்புக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை.

2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அந்தக் கூலியில் மாதம் 22 நாள் போனால் 7,392. இந்த அம்மா ஒன்பது ஆண்டாக வேலைக்குப் போகவில்லை. 1,000 ரூபாய் உதவியாளர் படியை 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 33 ரூபாய் சொச்சம். ஆறு மணி நேர வேலைக்கு மணிக்கு ஐந்தரை ரூபாய் ஆகிறது. வெளியிலிருந்து யாரையும் இந்தப் பணத்துக்கு வேலைக்கு வைக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். தாய் செய்வார் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொகை வைக்கப்பட்டிருக்கிறது.

நேராகத் தாயின் பெயரிலேயே வரும் திட்டம் ஒன்று உண்டு. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார்களுக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் இலவசமாகக் கிடைக்கும், தையல் தெரிந்ததற்குச் சான்று வேண்டும். வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் மேலே சொன்ன ஆறு மணி நேரத்தைத் தாண்டி, பிள்ளை தூங்கும் நேரத்தில்தான் தைக்க முடியும். பகலில் நான்கு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால் இயந்திரத்துக்கு அர்த்தம் வரும். இடம் இல்லாமல் இயந்திரம் மட்டும் கொடுத்தால் அது மூலையில் துணி போர்த்தி நிற்கும்.

பிரிட்டனில் பராமரிப்பாளர் படி தாயின் அல்லது தந்தையின் பெயரில், அவர்கள் கணக்குக்கே போகிறது. வாரம் 35 மணி நேரமாவது கவனிக்க வேண்டும், பிள்ளைக்கு அதற்குரிய மாற்றுத்திறனாளி உதவி கிடைத்திருக்க வேண்டும். 2025-26இல் வாரத்துக்கு 83.30 பவுண்டு. அந்தக் காலத்துக்கு ஓய்வூதியக் கணக்கில் பங்களிப்பும் வரவாகிறது. அங்கும் குறை இல்லாமல் இல்லை: வாரச் சம்பாத்தியம் வரம்பை (2025-26இல் 196 பவுண்டு) கொஞ்சம் தாண்டினாலும் முழுப் படியும் போய்விடும். தெரியாமல் தாண்டியவர்களிடம் பழைய பணத்தையெல்லாம் திருப்பிக் கேட்டது பெரும் கொந்தளிப்பானது. அவர்களுடைய தொகையை நாம் எட்ட முடியாது என்பது சரி. ஆனால் முதுமைக்கு ஒரு பங்களிப்பு என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம். வயலில் வேலை செய்தால் கிடைக்கும் கூலியையும் இழந்து, அறுபது வயதில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கப்போகிறவர் இந்தத் தாய்.

அரசு வேலையில் இருக்கும் தாய்க்கு நிலைமை வேறு. மத்திய அரசு ஊழியருக்குப் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு, பிள்ளை மாற்றுத்திறனாளி என்றால் வயது வரம்பும் இல்லை. இமாச்சலப் பிரதேசத்தில் ஓர் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர், எலும்பு நொறுங்கும் மரபுநோய் உள்ள மகனுக்காக இந்த விடுப்பைக் கேட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு இந்த விடுப்பு தருவது குறித்து விதிகளை மறுபரிசீலனை செய்யச் சொல்லி 2024 ஏப்ரலில் மாநில அரசுக்கு உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. கட்டட வேலைக்குப் போகிறவர் வீட்டில் இதை வைத்து என்ன செய்வது?

சிகிச்சை, பள்ளி

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை தருகிறது. சில நூறு ரூபாய்தான் கட்டணம், முன்பரிசோதனை இல்லை, ஏற்கெனவே இருக்கும் நோய் என்று தள்ளுவதும் இல்லை. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி போன்ற தொடர் சிகிச்சைக்கும் அதற்குள் ஒரு பங்கு உண்டு. ஆனால் நான்கு நிலைகளுக்கு மட்டுமே: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு. வெறும் 'இயக்கக் குறைபாடு' என்ற சான்றோடு போன இந்தக் குடும்பத்தை ஏற்காததற்குக் காரணம் இதுதான். இன்னொன்று, இது பெரும்பாலும் கைப்பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் முறை. மருந்துச் சீட்டு, அசல் ரசீது, சிகிச்சை கொடுத்தவரின் பதிவு எண்ணும் முத்திரையும், தேதி வாரியாக வருகைப் பதிவு எல்லாம் வேண்டும். வெள்ளைத் தாளில் 'ரூ.300 பெற்றேன்' என்று எழுதிய ரசீது செல்லாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கையில் முன்பணம் இல்லாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட்தான் நிஜமான உதவி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைக்க வேண்டும்.

பள்ளிக்கு வர முடியாத கடும் பாதிப்புள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் தந்திருக்கிறது. சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டம் வழியாகச் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருவார். இது பிள்ளைக்கான கல்வி, தாய்க்கான ஓய்வு இல்லை. ஆசிரியர் இருக்கும் ஒரு மணி நேரமும் அம்மா பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பகல்நேரப் பராமரிப்பு மையம் இருக்கும் ஊர்களில் முடிந்தவரை வாரம் இரண்டு நாளாவது பிள்ளையை அங்கே அனுப்புவது இருவருக்கும் நல்லது. பிள்ளையும் நான்கு சுவரைத் தாண்டி நாலு முகம் பார்க்கும்.

பதினெட்டாவது பிறந்தநாள்

அடுத்து இந்தக் குடும்பத்துக்கு வரப்போகும் பெரிய தடங்கல் இது, ஒன்பது ஆண்டு இருக்கிறது. 18 வயதுவரை பெற்றோர் இயல்பான பாதுகாவலர். 18 முடிந்த மறுநாள் சட்டத்தின் பார்வையில் அவன் மேஜர், அம்மா அவனுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. மைனர் கணக்கில் பணம் எடுக்க வங்கி மறுத்துவிடும். உதவித்தொகை வந்துகொண்டிருக்கும், எடுக்கத்தான் முடியாது.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மேலே சொன்ன நான்கு நிலைகளில் உள்ளவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழு சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று தரும். நீதிமன்றம் போகத் தேவையில்லை. அந்தச் சான்றை ஏற்றுக் கணக்கை இயக்கவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கிளையில் உள்ளவருக்குத் தெரியாவிட்டால் அந்தச் சுற்றறிக்கையின் நகலைக் கொண்டுபோய்க் காட்டலாம். பாதுகாவலர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து விவரத்தையும், ஆண்டுதோறும் கணக்கையும் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. மூளை முடக்குவாதம் இருந்தாலும் தானே முடிவெடுக்கக்கூடிய பிள்ளைக்கு இந்தச் சான்றை வாங்கவே கூடாது. அவனுடைய முடிவுரிமையை நாமே பறித்ததாகிவிடும்.

இந்தக் குடும்பத்தின் கோப்பில் இனி வரும் தேதிகள் இவை. எட்டு மாதத்தில் பையனுக்கு 10 வயது, சான்று புதுப்பிக்க விண்ணப்பம் அதற்கு நான்கு மாதம் முன்பே. 15-இல் ஆதார். பதினேழரையில் பாதுகாவலர் சான்றுக்கான ஆவணங்கள். 18-இல் வாழ்நாளுக்கும் செல்லும் மருத்துவச் சான்று, புதிய கணக்கு. பாதுகாவலர் விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவர் பெயரையும் போடலாம். அவர்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வியும் அப்போது வரும். அக்காவுக்கு அன்று 21 வயது இருக்கும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் அவள் பெயரைச் சொல்ல வேண்டும்.